ஜிம்மி யாரைப் பார்த்துக் குரைத்தது

எங்கள் அடுக்ககத்தில் இரண்டாம் மாடி நாய் டெலிவரி ஆட்களைப் பார்த்துக் குரைக்கிறதாம். அதைத் தடுக்க ஒரு சுற்றறிக்கை எழுதித் தரும்படி சங்கத்தார் என்னைக் கேட்டிருக்கிறார்கள். நம் வயதுக்காரர்களுக்கு இது புரியும். முப்பத்தைந்து வருடம் அரசாங்கத்தில் கோப்பு பார்த்தவளை வேறு எதற்குக் கூப்பிடுவார்கள்? பொருள் என்று எழுதிக் கோடிட்டு, பார்வை ஒன்று, பார்வை இரண்டு என்று போட்டு, ஒரு மத்தியானத்தில் முடிக்கிற வேலைதான். மூன்று வாரமாக எழுதவில்லை. லிஃப்டில் பார்க்கிறவர்கள் எல்லாம், "என்ன மேடம், டிராஃப்ட் ரெடியா?" என்கிறார்கள். பரிசீலனையில் இருக்கிறது என்கிறேன். பழக்கம்.

உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். நாய் குரைப்பதைக் காகிதத்தில் நிறுத்த முயன்ற ஒரு வீட்டில் வளர்ந்தவள் நான். அந்த முயற்சியில் எழுத்தர் வேலை என்னுடையது. அப்போது எனக்குப் பத்து வயது.

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து செம்பாக்கம் ஏரிக்குப் போகிற மண் பாதையில் எங்கள் வீடு. இப்போது அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். போன வருடம் ஆட்டோவில் தேடிப்போய், ஒரு மருந்துக் கடைக்கும் ஒரு ஏடிஎம்முக்கும் நடுவில் நின்று, இதுதான் எங்கள் கிணறாக இருக்கும் என்று தோராயமாக முடிவு செய்துவிட்டுத் திரும்பினேன். அன்று அங்கே ஆறு வீடுகள், ஒரு வரிசைப் பனைமரம், அதற்கப்பால் ஏரி. காற்று திரும்பினால் சேறும் கோரையும் கலந்த வாசனை வீட்டுக்குள் வரும். விமானப்படைக்காரர்கள் பழகுகிற சிறு விமானங்கள் காலை முழுவதும் தலைக்கு மேல் தையல் மெஷின் போல ஓடிக்கொண்டிருக்கும்.

அப்பா பட்டணத்தில் ஒரு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போய் வருவார். அம்மா மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். நான் ஒரே பிள்ளை. எனக்கு அடுத்ததாக, என்னைவிட ஒரு வயது சின்னதாக, ஜிம்மி. அந்தக் காலத்தில் தாம்பரத்து நாய்களில் பாதிக்கு ஜிம்மி என்று பெயர், மீதிக்கு டைகர். எங்கள் ஜிம்மி பழுப்பு நிறம். ரயில்வே கேட்டருகே குட்டியாகக் கிடந்ததை அப்பாவே குடைக்குள் வைத்துக் கொண்டுவந்தாராம். அந்தத் தகவலை அம்மாதான் சொல்வாள். அப்பா மறுக்க மாட்டார், ஒப்புக்கொள்ளவும் மாட்டார்.

அந்த வருடம் ஜிம்மியின் கண்கள் நிறம் மாறியிருந்தன. கருமணியில் நீலம் கலந்த பாலை ஊற்றியது போல ஒரு மினுக்கம். வந்தவர்கள் எல்லாம் அதை மெச்சினார்கள். "சீமை நாய்க்கு இருக்கிற மாதிரி கண்ணு" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னபோது அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பிரீடு கலந்திருக்கலாம்" என்றார்.

கண் அழகானதும் ஜிம்மி குரைக்க ஆரம்பித்ததும் ஒரே சமயத்தில் நடந்தன. இரண்டையும் எங்கள் வீட்டில் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. தனித்தனிக் கோப்புகள்.

எங்கள் சபையில் சனிக்கிழமைதோறும் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். முறை வைத்து வீடு வீடாகச் சுற்றி வரும். இருபது பேர் வருவார்கள். பாய் விரித்து, இரண்டு பாட்டு, ஒரு அதிகாரம், ஜெபம், கடைசியில் காபியும் வாழைக்காய் பஜ்ஜியும். எந்த வீட்டில் பஜ்ஜி மெல்லிசு என்பது பரலோகத்துக்கே தெரிந்த செய்தி. அந்த ஜூலையில் எங்கள் முறை வந்தபோது, இருபது பேரும் ஒவ்வொருவராக வந்தார்கள். ஜிம்மி இருபது பேரையும் ஒவ்வொருவராகக் குரைத்தது. கடைசியாக வந்தவர் எங்கள் ஐயர். சபைப் போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். மெதுவாக நடப்பவர், மெதுவாகப் பேசுபவர். வெள்ளை அங்கியோடு கேட்டைத் திறந்து இரண்டடி வைத்தார். ஜிம்மி பாய்ந்தது. கடிக்கவில்லை, கடைசிவரை அது யாரையும் கடித்ததில்லை. ஆனால் ஐயர் பின்வாங்கி அம்மாவின் கல்வாழைப் பாத்திக்குள் உட்கார்ந்துவிட்டார்.

நல்ல மனிதர். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "வாயில்லா ஜீவன், அதுக்கு என்ன தெரியும்" என்றார். வாய்தான் பிரச்சினை என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஜெபத்தில் ஜிம்மியையும் சேர்த்துக்கொண்டார். ஆமென் சொன்னதும் கொல்லையிலிருந்து ஜிம்மி பதில் சொன்னது.

அதன் பிறகு வைத்தியங்கள். கோகோ டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குரைக்கும்போதெல்லாம் குலுக்கினோம். ஜிம்மி டப்பாவையும் குரைத்தது. அம்மா பழைய பெல்ட்டை வெட்டி வாய்ப்பூட்டு தைத்தாள். அதைப் போட்டால் ஜிம்மி சுவரோடு ஒட்டிப் படுத்து, மூக்கைத் தரையில் தேய்த்துத் தேய்த்து ரத்தம் வர வைத்துக்கொண்டது. இரண்டாம் நாள் அம்மாவே கழற்றிவிட்டாள். கொல்லையில் கட்டிப்போட்டால் தெருவில் போகிற எல்லாவற்றையும் அனுமானத்தில் குரைத்தது. பக்கத்து வீட்டு அக்கா ஒரு யோசனை சொன்னாள்: "அதும் மூஞ்சில தண்ணி ஊத்துங்க டீச்சர், எங்க மாமனார அப்டித்தான் அடக்கினோம்." அதையும் செய்தோம்.

அக்டோபர் கடைசியில் ஜெபக்குழுச் செயலாளர் வந்தார். சபையிலேயே நல்ல உடை அவருடையதுதான். இஸ்திரி மடிப்பில் விரல் வெட்டுப்படும். ஓசையே இல்லாமல் நடப்பார். மெத்தென்ற ரப்பர் அடி வைத்த கிரேப் சோல் செருப்பு. ஜிம்மி அவரைக் கேட்டிலேயே கால் மணி நேரம் நிறுத்தி வைத்தது. அப்பா வந்து கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் உள்ளே வந்தார். வந்தவர் உட்காரவில்லை.

"பிரதர், டிசம்பர் முதல் சனிக்கிழமை உங்க டர்ன். ஐயர் ஒண்ணும் சொல்ல மாட்டார், நான் சொல்றேன். ஒண்ணு நாய் இருக்கட்டும், இல்ல கூட்டம் இருக்கட்டும்."

"டர்னை மாத்த முடியாதுங்க. என் வீட்ல கூட்டம் நடக்கும்" என்றார் அப்பா.

"அப்போ இது?" என்று ஜிம்மியைக் கண்ணால் காட்டினார். "ஒண்ணு கவனிச்சீங்களா? கெரசின்காரன், பால்காரம்மா, போஸ்ட்மேன், யாரையும் இது ஒண்ணும் சொல்றதில்ல. கௌரவமா வர்றவங்களைத்தான் கொரைக்குது. தெருவுல பொறந்தது பிரதர். தெருவுல திரியறவங்களத்தான் அதுக்குத் தெரியும்."

அவர் கவனித்தது சரி. எடுத்த முடிவுதான் தப்பு. என் உத்தியோக காலம் முழுவதும் இந்த வகை மனிதர்களோடுதான் கழிந்தது.

அப்பாவின் அலுவலக நண்பர் ஒருவருக்குக் காட்டாங்குளத்தூரில் மாந்தோப்பு இருந்தது. காவலுக்கு நாய் வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். குரைக்கிற நாய்க்கு அதைவிட நல்ல இடம் உண்டா என்றார் செயலாளர். வேறு யாராவது என்றால் மறுநாளே கொண்டுபோய் விட்டிருப்பார்கள். அப்பா அப்படிப்பட்டவர் இல்லை. விசாரணை இல்லாமல் யாரையும் வெளியேற்றக் கூடாது என்பது அவர் கொள்கை.

அன்று மாலை ஒரு நீள நோட்டு வாங்கி வந்தார். அட்டை கறுப்பு, ஓரத்தில் சிவப்புத் துணி. அடிக்கோல் வைத்து அவரே பத்திகள் பிரித்தார்: வரிசை எண், தேதி, நேரம், வந்தவர், உடை, கையிலிருந்த பொருள், குரைத்ததா, எவ்வளவு நேரம். கடைசியில் மிஞ்சிய ஒரு விரற்கடை இடத்துக்கு 'குறிப்பு' என்று பெயர் வைத்தார்.

"நீதான் எழுதணும்" என்றார் என்னிடம். "உன் கையெழுத்து நல்லா இருக்கு. பாத்தத மட்டும் எழுது. உன் அபிப்பிராயம் வேண்டாம்."

"எதுக்குப்பா?"

"காரணம் தெரிஞ்சாத்தான் நடவடிக்கை. ரெண்டு வாரம் பாப்போம். காரணத்தக் கண்டுபிடிச்சு அதைச் சரி பண்ணுவோம். மூணாவது வாரத்துல அஞ்சு தடவைக்கு மேல கொரைச்சா, தோப்பு."

"அஞ்சு வரைக்கும்னா?"

"அஞ்சு வரைக்கும்னா இங்கயே இருக்கும். கூட்டத்தன்னிக்கு மட்டும் நீயும் அதுவும் பக்கத்து வீட்ல இருந்துக்கலாம். நான் பேசிக்கறேன்."

இப்படி ஒரு நாய்க்கு எழுத்துமூலம் வாய்ப்புக் கொடுத்தவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்த வயதில் எனக்கு அவர் நீதிபதி போலத் தெரிந்தார். இப்போதும் அவர் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் தொந்தரவு.

நவம்பர் மழைக்குப் பள்ளிக்கு அடிக்கடி விடுமுறை விட்டார்கள். ஜன்னலோரம் முக்காலி போட்டு, மசிக்கூடும் ஒற்றுத்தாளும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். காலடியில் ஜிம்மி. நனைந்த நாயின் வாசனை உங்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்? ஈரச் சாக்கும் பழைய வெங்காயமும் கலந்தது. என் காலில் முகவாயை வைத்துத் தூங்கும். நான் எழுந்தால் எழும். முக்காலியை நகர்த்தி வைத்துவிட்டால் அதில் மோதிக்கொள்ளும். வயசாகிவிட்டதால் தடுமாறுகிறது என்று அம்மா சொன்னாள்.

யாராவது வந்தால் எழுதுவேன். தபால்காரர், காக்கி, கடிதங்கள், இல்லை. ஐயர், வெள்ளை அங்கி, குடை, ஆம், நான்கு நிமிடம். பால்காரம்மா, சேலை, பித்தளைக் கேன், இல்லை. அம்மாவின் தலைமையாசிரியை, கஞ்சிப் புடவை, குடை, ஆம், ஏழு நிமிடம். குறிப்புப் பத்தி காலியாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. வெறும் கட்டத்தை விட்டால் அப்பா கேட்பார் என்று பார்த்ததையெல்லாம் அதில் போட்டேன். 'தூரத்திலேயே பெல் அடித்தார்.' 'பாலு என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.' 'டின்னைத் தட்டினார்.' 'சத்தம் இல்லாமல் திறந்தார்.' 'சத்தம் இல்லை.' 'சத்தம் இல்லை.'

இரண்டாம் ஞாயிறு ஆராதனை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, அப்பா நோட்டை மடியில் வைத்துக்கொண்டார். விரலை வைத்து ஒவ்வொரு பத்தியாக இறங்கினார். கடைசிப் பத்திக்கு வருவதற்கு முன் பக்கத்தைத் திருப்பிவிடுவார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு அது தவறாகப் படவில்லை. பிற்பாடு நானும் ஆயிரக்கணக்கான பதிவேடுகளில் சுருக்கொப்பம் இட்டவள். குறிப்புப் பத்தியை எந்த மேலதிகாரியும் படிப்பதில்லை. கீழே இருக்கிறவன் உண்மையைச் சொல்லத் தோன்றினால் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவைத்த இடம் அது.

"குடை" என்றார் அப்பா. "கொரைச்ச இருபத்திரண்டு பேர்ல பதினாறு பேர் கைல குடை."

"நவம்பர்ல எல்லார் கைலயும்தாங்க குடை இருக்கும்" என்றாள் அம்மா.

"பால்காரம்மா குடை எடுத்துட்டு வர்றதில்ல. தபால்காரர் எடுத்துட்டு வர்றதில்ல. பாரு." நோட்டை அவள் பக்கம் திருப்பினார். பத்திகள் அவர் பக்கம் இருந்தன.

அன்றே கேட்டில் ஒரு அட்டை தொங்கியது: 'வருகிறவர்கள் தயவுசெய்து குடையை வெளியிலேயே மடக்கிவிட்டு உள்ளே வரவும்.' மூன்றாம் வாரம் எங்கள் வீட்டுக்கு வந்த கௌரவமானவர்கள் எல்லோரும் நனைந்துகொண்டே வந்து, நனைந்துகொண்டே குரைக்கப்பட்டார்கள். தலைமையாசிரியைக்குச் சளி பிடித்தது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒன்று கேட்கிறேன். உங்களில் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் கை தூக்குங்கள். முக்கால்வாசிப் பேர் இருப்பீர்கள். இரண்டு வருடத்துக்கு முன் எனக்கும் நடந்தது. அதற்கு முந்திய மாதங்களில் உலகம் முழுவதும் எண்ணெய்க் காகிதம் ஒட்டிய ஜன்னலாக இருந்தது. ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது ஒரு நர்ஸ், நல்ல பெண், ரப்பர் செருப்பில் ஓசையில்லாமல் வந்து என் முழங்கையைத் தொட்டாள். நான் கத்திய கத்தலில் வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "என்ன மேடம், நான்தான்" என்றாள் அவள். நீ யாரென்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வெள்ளை நிழல் திடீரென்று என் மேல் வந்து முளைத்தது. அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில், நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும்போது, ஜிம்மி ஞாபகம் வந்தது.

ஜிம்மிக்குக் கண் தெரியவில்லை. அவ்வளவுதான் விஷயம். நாங்கள் மெச்சிய அந்த நீலப் பால் புரை. சத்தம் கொடுத்து வந்தவர்கள் அதற்கு மனிதர்கள். சத்தம் இல்லாமல் வந்தவர்கள், அதாவது மரியாதை தெரிந்தவர்கள், திடீரென்று முளைக்கும் நிழல்கள். மோப்பம் இல்லையா என்று கேட்பீர்கள். எனக்கு மூக்கு இல்லையா? பயப்படும்போது மூக்கு ஞாபகம் வருவதில்லை.

பத்து வயதில் எனக்குக் கண் விஷயம் தெரியாது. ஆனால் பாதி வழி போயிருந்தேன். மூன்றாம் வாரத்துச் சனிக்கிழமை மத்தியானம், நோட்டைப் புரட்டி எண்ணிக்கொண்டிருந்தபோது, 'இல்லை' என்று எழுதிய இடங்களில் எல்லாம் குறிப்புப் பத்தியில் ஏதாவது ஒரு சத்தம் இருப்பது கண்ணில் பட்டது. ஒன்றுகூடத் தப்பவில்லை. அம்மா அடுப்படியில் இருந்தாள். ஓடிப்போய்ச் சொன்னேன்.

அவள் நோட்டை வாங்கி நின்றபடியே மூன்று பக்கம் பார்த்தாள். கணக்கு டீச்சர். "அட" என்றாள். "நாளைக்கு அப்பாகிட்ட நீயே காட்டு. நான் சொன்னா, நான் சொன்னேன்னு ஆயிடும்."

அந்த வாரம் அதுவரை ஜிம்மி சரியாக ஐந்து முறை குரைத்திருந்தது. இன்னும் ஒரு சாயங்காலம்தான் பாக்கி. கையில் காரணமும் கிடைத்துவிட்டது. அப்படி ஒரு நிம்மதி எனக்கு அதற்குப் பிறகு பதவி உயர்வுகளில்கூட வந்ததில்லை.

ஐந்தரை மணிக்குச் செயலாளர் வந்தார். அப்பா இன்னும் வரவில்லை. அம்மா கடைக்குப் போயிருந்தாள். தூறல். கிரேப் சோல் செருப்பில், குடையை முறைப்படி வெளியிலேயே மடக்கிக்கொண்டு, கேட்டை மெல்லத் தூக்கித் திறந்தார். நான் ஜன்னலிலிருந்து, "மாமா, சத்தம் குடுங்க!" என்று கத்துவதற்குள் ஜிம்மி வாசலில் இருந்தது. அவர் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

"அப்பா இல்லையா?"

"இல்ல மாமா."

"சரி, நாளைக்குச் சபைல பாத்துக்கறேன்னு சொல்லு" என்று குரைப்புக்கு மேல் கத்திவிட்டுப் போனார். பனைமரம் தாண்டும்வரை ஜிம்மி ஓயவில்லை.

நோட்டைத் திறந்தேன். வரிசை எண், தேதி, நேரம், வந்தவர், உடை, மடக்கிய குடை. அடுத்த கட்டத்தில் பேனா நின்றது. ஆறு என்றால் தோப்பு. இன்று யோசித்தால், அந்த வரி என் கட்சிக்கு முதல் தரமான சாட்சி. குடை மடக்கியிருந்தது, ஆனாலும் குரைத்தது. சத்தம் இல்லாமல் வந்தார், அதனால் குரைத்தது. அப்பாவின் காரணத்தை உடைக்கவும் என் காரணத்தை நிறுத்தவும் அந்த ஒரு வரி போதும். பத்து வயதுக்கு அது தெரியவில்லை. ஆறு என்ற எண்தான் தெரிந்தது. 'இல்லை' என்று எழுதினேன். நல்ல கையெழுத்தில்.

மறுநாள் ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் செயலாளர் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா சாப்பாட்டுக்கு முன்பே நோட்டைக் கேட்டார்.

அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இது யார் எழுதினது?"

"நான்தான்ப்பா. அப்பா, இந்தக் குறிப்பு மட்டும் பாருங்க. பெல் அடிச்சா கொரைக்கல. கூப்பிட்டுட்டே வந்தா கொரைக்கல. எல்லா எடத்துலயும் அப்படித்தான் இருக்கு. எண்ணிப் பாத்துட்டேன்."

"எதை நம்பறது?" என்றார். கோபமாக இல்லை. உண்மையாகவே கேட்டார். "ஒரு வரி பொய்யா எழுதியிருக்க. மத்ததெல்லாம் நிஜம்னு எனக்கு எப்படித் தெரியும்? நீயே சொல்லு."

அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.

"புள்ள சரியாத்தான் சொல்றா. நானும் பாத்தேன்" என்றாள் அம்மா. "கேட்டுல ஒரு மணி கட்டி ஒரு வாரம் பாக்கலாமே? வர்றவங்க அடிச்சுட்டு வரட்டும்."

"விசாரணை முடிஞ்சுது" என்றார் அப்பா. "ரெக்கார்டே இல்லாம எதை வச்சுத் திரும்ப ஆரம்பிக்கறது?"

அடிக்கோலை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒவ்வொன்றிலும் மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டார். கடைசிப் பக்கத்தில் 'நம்பத்தக்கதல்ல' என்று எழுதித் தேதியிட்டார். பச்சை மசியில் கையெழுத்திடும் தகுதி அவருக்குக் கடைசிவரை வரவில்லை. எனக்கு வந்தது. முடித்த கோப்பைப் புதிய ஆதாரம் இன்றித் திறக்க இயலாது என்ற வாக்கியத்தை எத்தனை மனுக்களின் தலையில் அந்தப் பச்சை மசியால் எழுதியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாய் இருந்திருக்கும்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை ஏரி நிறைந்து பாதை முழங்கால் தண்ணீரில் கிடந்ததால் எங்கள் வீட்டில் கூட்டம் நடக்கவே இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு ஐந்து நாள் முன்னால், திங்கட்கிழமை, அப்பா லீவு போட்டார். எழுத்தில், ஒரு நாள் தற்செயல் விடுப்பு, காரணம்: சொந்த வேலை.

நானும் வருவேன் என்று அடம் பிடித்தேன். தாம்பரம் ஸ்டேஷனில் ஜிம்மிக்குத் தனி டிக்கெட் எடுத்தார். செங்கல்பட்டுப் பக்கம் போகிற பாசஞ்சரில் கார்டு பெட்டியில் நாய்க்கென்று ஒரு சின்னக் கூண்டு உண்டு. வேறு யாராக இருந்தாலும் காலுக்கடியில் மறைத்துக் கொண்டுபோயிருப்பார்கள். கூண்டுக்குள் போக ஜிம்மி தயங்கியது. நான் கம்பியைத் தட்டி, "வா, வா" என்றதும் என் குரல் வந்த பக்கமாகவே போய்ப் படுத்துக்கொண்டது. காட்டாங்குளத்தூரில் இறக்கியபோது கார்டு சொன்னார்: "நல்ல நாய் சார். வழி பூரா ஒரு சத்தம் இல்ல. சில நாய்ங்க பேஜார் பண்ணிடும்." ரயிலின் இரைச்சலில் அதற்குத் திடீரென்று முளைக்க ஒன்றும் இல்லை. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் டிக்கெட்டுகளை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஸ்டேஷனிலிருந்து அரை மணி நடை. மழை விட்டிருந்தது. தோப்பில் நண்பர் இல்லை, தோட்டக்காரர் மட்டும் இருந்தார். கிணற்றையொட்டி ஓலைக் கொட்டகை. அதன் கம்பத்தில் ஜிம்மியைக் கட்டினார்கள். அப்பா பையிலிருந்து இரண்டு பிரதி எடுத்துப் படித்துக் காட்டினார். மேற்படி நாய், நிறம் பழுப்பு, வயது ஒன்பது, குணம்: அந்நியரைக் கண்டால் குரைக்கும்.

"அதான் சார் வோணும்" என்றார் தோட்டக்காரர். "இருந்த நாயி சோம்பேறி. மாங்கா திருட வர்றவனுக்கு வழி காட்டிகினு போவும்." அப்பா கொண்டுவந்திருந்த மசி அட்டையில் கட்டைவிரலை அழுத்தி இரண்டு பிரதியிலும் உருட்டினார். பிறகு விரலை லுங்கியில் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "இன்னா பாப்பா, அழுவுறியா? நல்லா பாத்துக்குவேன். தெனம் சோறு, கறி வாங்கினா எலும்பு."

இவரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. இவர் என் பொய்யைப் பார்த்தவர் இல்லை. இவருக்கு நான் சொல்வதை நம்பாமலிருக்கக் காரணம் இல்லை.

"அண்ணா, அதுகிட்ட வரும்போது சத்தம் குடுத்துட்டு வாங்க. பேர் சொல்லிக் கூப்பிடுங்க. அப்போ கொரைக்காது. சும்மா வந்தாத்தான் பயந்துக்கும், கொரைக்கும்."

அவர் குனிந்து கவனமாகக் கேட்டார். பெரியவர்களில் அப்படி முழுசாகக் கேட்டவர் அவர் ஒருத்தர்தான்.

"அப்டியா? சத்தம் குடுத்தா கொரைக்காது?"

"கொரைக்காது."

"சத்தம் இல்லாம வந்தா?"

"கொரைக்கும்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

அவர் முகம் மலர்ந்தது. "நல்ல விசயம் சொன்ன பாப்பா! கொரைக்காத நாயி இன்னாத்துக்கு, பக்கத்துல படுத்துத் தூங்கவா? நம்ம ஆளுங்க அத்தினி பேருக்கும் சொல்லி வெச்சிடறேன், எவனும் சத்தம் குடுக்காதீங்கடா, பூன மாரி வாங்கடான்னு. எப்பவும் உசாரா இருக்கட்டும்."

"இல்லண்ணா, அதுக்கில்ல, அது பாவம்..."

அவர் அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார். எனக்கு வேடிக்கை காட்டுகிற சந்தோஷத்தோடு, உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, ஈர இலைகள் மேல் பதம் பார்த்துப் பதம் பார்த்து நடந்து, கொட்டகையைச் சுற்றிப் பின்பக்கமாக வந்தார். ஜிம்மி நான் நின்ற திசையில் காதை வைத்துக்கொண்டிருந்தது. அவர் கையை நீட்டி அதன் இடுப்பைத் தொட்டார்.

ஜிம்மி கயிற்றின் நீளத்துக்குத் துள்ளி விழுந்து எழுந்தது. குரைத்தது. அவரைப் பார்த்து இல்லை. அவர் அதற்குப் பின்னால் நின்றார். அது கிணற்றைப் பார்த்துக் குரைத்தது. கைப்பிடிச் சுவருக்கு மேல் தலையை நீட்டி, உடம்பு முழுக்க நடுங்க, கிணற்றுக்குள் குரைத்தது. உள்ளிருந்து அதன் குரலே திரும்பி வந்தது. அதையும் குரைத்தது.

"பலே!" என்றார் தோட்டக்காரர், அதன் முதுகுக்கு இரண்டு முழம் தள்ளி நின்றபடி. "சூப்பர் நாயி சார்!"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கையில் ரேகை இன்னும் காயாத பிரதி இருந்தது. ஜிம்மியைப் பார்த்தார். தோட்டக்காரரைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். மறுபடி ஜிம்மியை, அதன் முகத்தை, நெடுநேரம் பார்த்தார். அவர் உதடு ஏதோ சொல்லத் திறந்தது.

"அப்பா" என்றேன்.

அவர் காகிதத்தை ரேகை படாமல் இரண்டாக மடித்தார். மறுபடி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துப் பித்தானைப் போட்டார்.

"ரயிலுக்கு நேரமாச்சு" என்றார்.